அவளை எனக்குத் தெரியும்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மா என்னைப் பார்த்து, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றாள்.

நான் சிரித்தேன். அம்மாவுக்கு நக்கல் அதிகம். நான் தாமதமாக எழுந்துவந்தால் "மகாராணி எழுந்தாச்சா, ஊருக்குச் சொல்லிரலாமா?" என்பாள். இதுவும் அந்த வகைதான் என்று நினைத்தேன். ஆனால் கோப்பையை அவள் இரண்டு கையாலும் வாங்கினாள், விருந்துக்குப் போன வீட்டில் வாங்குவதுபோல. ஒரு வாய் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவ எங்க?"

"யாரு?"

"என் பொண்ணு. அவ சட்டைய நீங்க போட்டிருக்கீங்களே, அவ எங்க போனா?"

அம்மா சமையலறையில் வழுக்கி விழுந்ததில் மூளையின் வலப்பக்கம் சிறிய ரத்தக்கசிவு என்று சொல்லியிருந்தார்கள். நடையில் குறையில்லை. பேச்சு குழறவில்லை. குளியலறைக் குழாய் எந்தப் பக்கம் திருகினால் ஒழுகும் என்பதுவரை நினைவிருந்தது. மாடிப்படியில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய முட்டிவலியை விசாரித்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நான் மட்டும் இல்லை.

முதல் சில நாட்கள் நான் நிரூபிக்கப் பார்த்தேன். சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் வந்த தழும்பைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அதே எடத்துல இருக்கு. எப்படிங்க பண்ணீங்க?" என்றாள். நிஜமான வியப்பு.

எங்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயங்களைச் சொன்னேன். அப்பா இருந்த காலத்தில் அவருக்குத் தெரியாமல் நாங்கள் பார்த்த படம். அவள் என்னை அழைக்கும் பட்டப்பெயர், வாலு. ஒவ்வொன்றைக் கேட்கும்போதும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் இறுகியது.

"நல்லா படிச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணு. என் பொண்ணா இருந்தா எதுக்கு இவ்ளோ நிரூபிக்கணும்? அவ பாட்டுக்கு வந்து, என் தட்டுல இருக்கிறத எடுத்து வாயில போட்டுக்கிட்டுப் போயிருப்பா."

அதற்குப் பிறகு நான் தழும்பைக் காட்டவில்லை.

நான் வேலை செய்யும் இடத்தில் நாள் முழுக்க முகங்களைப் பார்ப்பதுதான் வேலை. முகத்தைக் கண்டு கதவைத் திறக்கும் ஓர் இயந்திரத்துக்கு, யார் யாரென்று நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம். திரையில் இரண்டு படங்கள் வரும். தலைமுடியும் உடையும் வெட்டப்பட்டு, நிறம் நீக்கப்பட்டு, சாம்பலில் மிதக்கும் இரண்டு முகங்கள். மூன்று பொத்தான்கள்: அதே ஆள், வேற ஆள், சொல்ல முடியல. ஒவ்வொரு ஜோடியும் மூன்று பேருக்குப் போகும். ஒருவர் பதில் இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டு பேர் ஒன்றைச் சொன்னால் அதுதான் உண்மை. இயந்திரம் அந்த உண்மையைத்தான் படிக்கிறது.

சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். "பாத்ததும் ஒண்ணு தோணும். அத நம்பாதீங்க. தோணுறது உங்களுக்கு, அளவு எங்களுக்கு."

நான் காதுகளைப் பார்ப்பேன். சிரித்தாலும் அழுதாலும் இளைத்தாலும் காது அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் அங்கே என் பெயர் காதக்கா. பக்கத்து இருக்கைக்காரன் எந்த முகத்திலும் மச்சத்தைத் தேடுவான். அவன் பெயர் மச்சம். "மச்சம் இல்லாத ஆளு, முகவரி இல்லாத வீடுக்கா" என்பான்.

தழும்பைக் காட்டுவதை நான் நிறுத்திய வாரம், மதிய இடைவேளையில் படிக்கட்டில் நின்றுகொண்டு வீட்டுக்கு ஃபோன் செய்தேன். சாப்பிட்டாளா என்று கேட்கத்தான். நான் வேலையில் இருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி வந்து எட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

"அம்மா" என்றேன்.

"அடி வாலு! எங்கடி போய்த் தொலைஞ்ச?"

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறதில்லையா? இங்க யாரோ ஒரு பொம்பள வந்து உக்காந்திருக்கா. அச்சு அசல் உன்ன மாதிரியே. உன் செருப்பப் போட்டுக்கிட்டு வெளிய போறா, வர்றா. கேக்க ஆள் இல்லன்னு நெனைச்சுக்கிட்டா போல."

"அவ உன்ன ஏதாவது பண்றாளாம்மா?"

"சேச்சே. பாவம், டீ நல்லா போடுறா. உன்ன மாதிரி வெந்நீர் இல்ல."

டீ ஒன்றுதான். தூள், பால், கை எல்லாம் ஒன்றுதான். ஆனால் யார் போட்டது என்பதில் இருந்தது சுவை.

நரம்பு டாக்டர் வேகமாகப் பேசும் பெண்மணி. நான் சொன்னதைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்தது, பிறகு அதை மறைத்துக்கொண்டார். "ஒருத்தரப் பாத்தா உள்ள ரெண்டு வேல நடக்குதுங்க. இது இன்ன முகம்னு கண்டுபிடிக்கிறது ஒண்ணு. நம்ம ஆளப் பாத்ததும் உள்ள கதகதன்னு ஒண்ணு வருமே, அது இன்னொண்ணு. உங்கம்மாவுக்கு முதல் வேல நடக்குது. ரெண்டாவதுக்குப் போற கம்பி அறுந்திருக்கணும். அப்படித்தான் நாங்க நெனைக்கிறோம். முகம் இருக்கு, கதகதப்பு வரல. அப்ப இது அவ இல்லன்னு முடிவு பண்ணிக்கிறாங்க. குரலுக்கு வேற வழி. அது தப்பிச்சிருச்சு."

"மத்த எல்லாரையும் தெரியுதே?"

"தபால்காரரப் பாத்தா யாருக்குங்க கதகதப்பு வருது? வர வேண்டாத எடத்துல வரலைன்னா சந்தேகமும் வராது. ரொம்ப நெருங்கினவங்களுக்குத்தான் இந்தக் கதி. ஒரு வகைல உங்களுக்கு அது மரியாதைதான்."

"சரியாகுமா?"

"ஆகலாம். சிலருக்கு தானா ஆகுது. சிலருக்கு இல்ல." அடுத்த நோயாளியின் ஸ்கேன் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது கதவு உள்ளே சங்கிலி போட்டிருந்தது. "அம்மா, நான்தான்" என்றேன், பழக்கத்தில். உள்ளே நாற்காலி நகரும் சத்தம். செருப்பு தேயும் அவசரமான சத்தம். "வந்துட்டியா! வந்துட்டியாடி!" சங்கிலியை எடுக்கும்போதே பேசிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. அவள் முகம் முழுக்க விரிந்திருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தினமும் பார்க்கும் மகளுக்கு யார் அப்படி முகத்தை விரிப்பார்கள்?

பிறகு அது ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டது. என் தோளுக்குமேல் எட்டிப் படிக்கட்டைப் பார்த்தாள்.

"அவ குரல் கேட்டுச்சே. கீழயே நிக்கிறாளா?"

"இல்லைங்க" என்றேன். "நான் மட்டும்தான்."

அதன் பிறகு கதவருகே நான் பேசுவதில்லை. மணியை அடிப்பேன், அவள் துளை வழியாகப் பார்த்து, "அந்தம்மாதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு திறப்பாள். அவளை 'அம்மா' என்றும் கூப்பிடுவதில்லை. அழைக்காமலே பேசப் பழகிக்கொண்டேன்.

இப்படி ஓர் ஒழுங்கு வந்தது. மதியம் ஃபோனில் நான் மகள். மாலையில் வீட்டில் அந்தப் பொம்பளை. ஃபோனில் அம்மா அவளைப் பற்றிப் பேசுவாள்: பொறுமைசாலி, எரிந்து விழுவதில்லை, துணியை மடித்தால் ஓரம் ஓரத்தோடு சேரும், "உன்ன மாதிரி சுருட்டி எறியறதில்ல." கேட்டுக்கொண்டே இருப்பேன். சில நாள் அவள்மேல் எனக்கு எரிச்சல்கூட வந்தது. இத்தனை வருடம் நான் வாங்காத நல்ல பெயரை வந்த சில வாரத்தில் வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பை நினைத்துச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. துணியை நான் ஓரம் சேர்த்து மடிக்கத் தொடங்கியிருந்தது உண்மை.

மாலையில் அம்மா அவளிடம் மகளைப் பற்றிப் பேசுவாள். ஒருநாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம்.

"அவளுக்குக் கல்யாணம் ஆச்சுங்க" என்றாள் அம்மா. "ஒத்துவரல. பெட்டியோட திரும்பி வந்துட்டா. நான் எப்படி அழுதேன் தெரியுமா? சொந்தக்காரங்க எல்லாம் என்னத்தான் தேத்துனாங்க, அவள யாரும் கண்டுக்கல."

"ம்."

"ஆனா உள்ளுக்குள்ள எனக்கு சந்தோஷங்க." பட்டாணித் தோலை விரலால் தடவித் தட்டையாக்கினாள். "அவர் போனப்புறம் நான் தனியா கெடந்தேன். அவ வந்ததும், அப்பாடா, வீட்ல ஒரு சத்தம் வந்துச்சுன்னு இருந்துச்சு. பெத்தவ நெனைக்கலாமா அப்படி? பொண்ணு வாழ்க்க போச்சேன்னு அழுதுக்கிட்டே, ராத்திரி நிம்மதியா தூங்குனேன்."

நான் குனிந்து உரித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு என்னால் அவமானம் என்று நினைத்துத்தான் இத்தனை காலம் அந்த வீட்டில் நடந்தேன். ஒரு கதவைச் சாத்தும்போதுகூட அந்த எண்ணத்தோடுதான் சாத்தினேன்.

"இத அவகிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவகிட்டயா? நல்லா சொன்னீங்க! அப்புறம் என் தலைல ஏறி உக்காந்துக்குவா." பிறகு, "உங்ககிட்ட சொல்லலாம். நீங்க யாரோதானே" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் வேலையில் ஒரு தவறு செய்தேன். எங்களைச் சோதிக்க, விடை தெரிந்த ஜோடிகளை சூப்பர்வைசர் நடுநடுவே கலந்து அனுப்புவார். அந்த முறை எங்கள் படங்களையே கலந்திருந்தார்: வேலைக்குச் சேர்ந்த நாளில் எடுத்தது ஒன்று, வாசல் கேமராவில் போன வாரம் விழுந்தது ஒன்று. யாருக்கும் சொல்லவில்லை. என் திரையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தியின் காதுமடல் கனமான தோட்டில் இழுபட்டிருந்தது. இன்னொருத்தியின் காது வெறுமையாக, வேறு கோணத்தில். நான் 'வேற ஆள்' என்று அழுத்திவிட்டு அடுத்த ஜோடிக்குப் போய்விட்டேன்.

"என்னம்மா காது, உங்களையே உங்களுக்குத் தெரியலையா?" என்றார் சூப்பர்வைசர், எல்லாருக்கும் கேட்கும்படி.

அதே ஜோடி மச்சத்துக்கும் போயிருந்தது. நான்கு அடி தூரத்தில் தினமும் என்னைப் பார்ப்பவன் 'சொல்ல முடியல' என்று அழுத்தியிருந்தான். "உங்களுக்கு மச்சம் இல்லக்கா, நான் என்ன பண்ண?" மூன்றாவது யாரோ, 'வேற ஆள்'. இரண்டு பேர் ஒன்றைச் சொன்னால் அதுதான் உண்மை. அலுவலகக் கணக்கின்படி நான் நானில்லை.

"இந்த ஜோடிய எடுத்துருங்க சார்" என்றான் மச்சம். "இல்லைன்னா நாளைக்கு மெஷின் அக்காவ வெளியவே நிறுத்திரும்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். இருக்கைக்குத் திரும்பி அந்த இரண்டு முகங்களையும் மறுபடி திறந்து பார்த்தேன். தோடு போட்டவள் அப்போது ஒருவனுடைய மனைவி. அவள் எதை நினைத்துப் படத்துக்கு அப்படிச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவள் களைத்த, ஒழுங்கான ஒரு பெண். துணியை ஓரம் சேர்த்து மடிப்பவள். இருவரில் யாரைப் பார்த்தும் எனக்குள் கதகதப்பு எதுவும் வரவில்லை. எனக்குக் கம்பி எதுவும் அறுந்திருக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அம்மா வீட்டைவிட்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகு, கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, பேருந்து நிறுத்தத்தில் நின்று, இறங்கும் ஒவ்வொருவரிடமும் மகளைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறாள். அடையாளம் கேட்டவர்களிடம், "எங்க வீட்ல ஒரு பொம்பள இருக்கா, வந்து பாருங்க, அவள மாதிரியே இருப்பா" என்று சொல்லியிருக்கிறாள். மருந்துக்கடைக்காரர் அடையாளம் கண்டு அழைத்துவந்தார்.

அண்ணன் வந்தான். வேறு ஊரில் இருப்பவன், வருடத்துக்கு ஓரிருமுறை வந்து போகிறவன். நான் மணியை அடித்தேன். அவன் உள்ளே நுழைந்ததுமே அம்மா, "வாடா. என்னடா தலையெல்லாம் கொட்டிப்போச்சு? எண்ணெய் வைக்கிறதில்லையா?" என்றாள்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண்ணில் ஈரம். "பாத்தியா? என்ன மட்டும் கரெக்டா தெரியுது. முடி கொட்டியும் தெரியுது."

டாக்டர் தபால்காரரைப் பற்றிச் சொன்னது என் வாய்வரை வந்தது. அவன் பையைக் கீழே வைக்கக்கூட இல்லாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "ஆமா" என்றேன். "உன்ன நல்லா தெரியுது."

சாப்பிட்ட பிறகு பால்கனிக்கு அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னான். அவன் ஊரில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறான். நர்ஸுகள் உண்டு, தோட்டம் உண்டு, வாசலில் காவல் உண்டு.

"அங்க எல்லாருமே அம்மாவுக்குப் புது ஆளுங்க. யாரையும் 'நீ அவ இல்ல'ன்னு சொல்ல மாட்டாங்க. யோசிச்சுப் பாரு. இங்க உன்னப் பாக்கப் பாக்கத்தான அவங்களுக்கு 'என் பொண்ணு எங்க'ன்னு தோணுது? நீ இருக்கிறதுதான் பிரச்சனையே."

அவன் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அதுதான் சங்கடம்.

"அப்புறம் நீயும். கண்ணாடிலயாவது உன்னப் பாக்கிறியா? அம்மாவ விடு, எனக்கே உன்ன அடையாளம் தெரியல."

"அலுவலகத்துலயும் அதேதான் சொல்றாங்க" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. "நான் கேட்டுப் பாத்துட்டேன். 'வாலு சொல்லாம நான் எங்கயும் வர மாட்டேன், அவ வந்தா வீடு பூட்டிக் கெடக்கும்'னு ஒரே பிடிவாதம். நீ ஃபோன் போட்டு, 'அண்ணன்கூடப் போம்மா, நான் அங்க வந்து பாக்கிறேன்'னு சொல்லிரு. நீ சொன்னா கேப்பாங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போயிர்றேன்."

அவன் உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டேன். எதிர்க் கட்டடத்தில் யாரோ ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணை அழுத்தும்போது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. காலியான வீட்டை நான் நினைத்துப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. விடுமுறை நாளில் தூங்கலாம். யாரோ ஒருத்தியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மா போய்விட்டால், அந்த வீட்டில் அவள் காத்துக்கொண்டிருந்த மகளும் போய்விடுவாள். காத்திருக்க ஆள் இல்லாத மகள் எங்கே இருப்பாள்?

உள்ளே ஃபோன் மணி அடித்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருக்க வேண்டும், கொஞ்சம் எதிரொலித்தது.

"அம்மா."

"வாலு! உங்கண்ணன் வந்திருக்கான்டி. என்ன எங்கயோ கூட்டிட்டுப் போறானாம். தோட்டம் இருக்காம். நான் என்ன மாடா, தோட்டத்துல மேய?"

"நல்ல எடம்னு சொல்றாம்மா."

"இருக்கட்டும். நான் போயிட்டா, நீ வந்து கதவத் தட்டுனா யாரு தொறப்பா?"

"அந்தம்மா இருப்பாங்கல்ல?"

அவள் குரல் தாழ்ந்தது. பக்கத்தில் இருக்கும் மகனுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். "அவ நல்லா பாத்துக்கிறாதான். ஆனா யாரு என்னன்னே தெரியலையேடி. அதான் நான் சங்கிலி போட்டுக்கிட்டு கெடக்கேன். இவனக் கேட்டா, 'அது உன் பொண்ணுதாம்மா'ங்கிறான். இவனுக்கு என்ன தெரியும்? நீ சொல்லு. உனக்கு அவளத் தெரியுமா?"

மூன்று பொத்தான்களும் என் முன்னால் இருந்தன. அதே ஆள் என்று தழும்பையெல்லாம் காட்டிச் சொல்லிப் பார்த்தாயிற்று. வேற ஆள் என்பது அம்மாவின் பதில். சொல்ல முடியல என்று நழுவினால் அண்ணன் பெட்டியைக் கட்டிவிடுவான்.

"தெரியும்மா" என்றேன்.

"நெஜமாவா? எத்தன நாளா?"

"ரொம்ப நாளா. சொல்லப்போனா, நான்தான் அவங்கள அங்க இருக்கச் சொன்னேன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன! நான் பாட்டுக்கு திருட்டுப் பொம்பளன்னு நெனச்சிக்கிட்டு... ஆளு எப்படி?"

ஜன்னல் துடைப்பவர் ஒரு கண்ணாடியை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். அவளைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன்.

"கொஞ்சம் முன்கோபி. காட்டிக்க மாட்டாங்க. சில நாள் எங்கயாவது ஓடிப்போயிரலாமான்னு நெனைப்பாங்க. ஆனா உன்ன விட்டுட்டுப் போக மாட்டாங்க."

"உறுதியா தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப சரி. நான் இவகூடவே இருந்துக்கிறேன். நீ வேலைய முடிச்சிட்டு மெதுவா வா. வெளிய போயெல்லாம் இனிமே தேட மாட்டேன், இவகிட்டயே கேட்டுக்கலாம்ல. டேய், கேட்டியா? சொல்லிட்டா அவ."

நான் உள்ளே வந்தபோது அண்ணன் எழுந்து ஜன்னலருகே நின்றிருந்தான். என்னைப் பார்க்காமல், "நீ என்ன சொல்லணும்னு சொன்னேன், நீ என்ன சொன்ன?" என்று மட்டும் கேட்டான். மறுநாள் காலை கிளம்பும்போது, எப்போது முடியாமல் போகிறதோ அப்போது கூப்பிடு என்றான். கூப்பிடுகிறேன் என்றேன். அம்மா அவனுக்கு எண்ணெய் புட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அம்மா நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் காது, மூக்கு, நெற்றி என்று அளந்தாள்.

"உங்களப் பத்தி நல்லவிதமா சொன்னா" என்றாள்.

"அப்படியா?"

"ஆனா முன்கோபியாமே."

"கொஞ்சம்."

"பரவால்ல, அவளும் அப்படித்தான். அதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போயிருக்கு." தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் நகர்த்தினாள். "சாப்புடுங்க. நின்னுக்கிட்டே இருக்கீங்க."

நான் பழக்கத்தில் சங்கிலியை மாட்டக் கை வைத்தேன்.

"போடாதீங்க" என்றாள் அம்மா. "சாவி அவகிட்ட இருக்கு. எப்ப வேணா வருவா."

சங்கிலியைத் தொங்கவிட்டுவிட்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.